வண்ணக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வருமா?

'எழுத்துக்கூட்டித் திணறும் குழந்தைக்குக் கண்ணில்தான் கோளாறு. வண்ணக் கண்ணாடி போட்டால் சரளமாக வாசிக்கும்' என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இப்படித் திணறவைக்கும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு, பெரும்பாலும் பேச்சொலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் வரும் சிக்கல். 'படம்' என்பதில் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியைச் சொல் என்று வாய்மொழியாகக் கேட்டாலே பல குழந்தைகள் தடுமாறுவார்கள். அங்கே பார்க்க எழுத்தே இல்லை; கண்ணாடி என்ன செய்யும்?

வண்ணக் கண்ணாடிக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டறிக்கையே விட்டன. 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் படிக்கலாம். பார்வைப் பரிசோதனை அவசியம்தான், ஆனால் அது வேறு விஷயம். கைகொடுப்பது, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் படிப்படியாகச் சொல்லித்தருவது.

அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.