கிரேன் நட்டால் கப்பல் வந்துவிடாது

நாகப்பட்டினத்துக்கு ஒரு கண்டெய்னர் டெர்மினல், கடலூருக்கு ஒன்று, குளச்சலுக்கு ஒன்று. தேர்தல் நெருங்கினால் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். கேட்பவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், ஊருக்கு வேலை வரும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் துறைமுகம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஊருக்கு ஒன்று கட்டுகிற சமாச்சாரம் இல்லை. என்ன சரக்கு, மாதம் எத்தனை டன், எங்கிருந்து எங்கே போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் கிரேனைப் பற்றிப் பேசி என்ன பயன்?

கண்டெய்னரையே எடுத்துக்கொள்வோம். கரையில் நிற்கும் பெரிய கிரேன் ஒன்று நன்றாக ஓடினால் மணிக்கு 25 முதல் 30 பெட்டி கையாளும். ஏற்றுவதும் இறக்குவதுமாக 1,500 பெட்டி உள்ள கப்பலுக்கு 3 கிரேன் போட்டால் 18, 20 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கிரேனுக்கும் கீழே 5, 6 டிரெய்லர்கள் ஓயாமல் சுற்ற வேண்டும். டிரெய்லர் வரத் தாமதமானால் கிரேன் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நிற்கும். பின்னால் யார்டில், அதாவது பெட்டிகளை வைக்கும் திடலில், ஆர்டிஜி என்னும் டயர் வைத்த கிரேன் பெட்டிகளை 5 அடுக்கு வரை அடுக்குகிறது. அடித்தட்டில் இருக்கும் பெட்டியை எடுக்க லாரி வந்து நின்றால், மேலே உள்ள நான்கையும் நகர்த்தியாக வேண்டும். அந்த நான்கு தூக்கலும் வெட்டி வேலை. யார்டு முக்கால்வாசிக்கு மேல் நிரம்பினால் இந்த வெட்டி வேலை பெருகி, கப்பல் பக்கத்து வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும்.

ஆகவே 'ஆண்டுக்கு இத்தனை லட்சம் பெட்டி' என்று அறிவிப்பு வந்தால் பெர்த், அதாவது கப்பல் அணையும் மேடை, எத்தனை மீட்டர் என்பதை விட்டுவிடுங்கள். பின்னால் எத்தனை ஏக்கர், ரயில் தடம் உள்ளே வருகிறதா, கேட்டில் எத்தனை லேன் என்று பாருங்கள்.

இதற்குச் சென்னையை விட நல்ல பாடம் கிடையாது. நாட்டிலேயே கண்டெய்னருக்கென்று தனி டெர்மினல் முதலில் வந்தது இங்கேதான், 1983-ல். கிரேனுக்குக் குறைவில்லை, கப்பலுக்கும் குறைவில்லை. ஊர்தான் மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வரும் டிரெய்லரிடம் பெட்டியை உள்ளே விடுவதற்கான படிவம் 13 இருக்க வேண்டும், சீல் சரியாக இருக்க வேண்டும், 2016 ஜூலையிலிருந்து பெட்டியின் சரிபார்த்த மொத்த எடையும் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வண்டி ஓரங்கட்டணும். ஓரங்கட்ட இடமில்லாத சாலையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் நூறு வண்டி நிற்கும். மதுரவாயலில் இருந்து துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலை என்று 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். பாதியில் நின்று, 2022-ல் மறுபடி அடிக்கல். கடல் பக்கம் கோடிகளைக் கொட்டிவிட்டுக் கேட் பக்கத்தை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது நிலக்கரி. கரியும் காரும் பக்கத்துப் பக்கத்து பெர்த்தில் வாழ முடியாது. ராயபுரம், பாரிமுனை வீடுகளில் தூசி படிந்த கதை நீதிமன்றம் வரை போய், 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் நின்றன. தாதுக்கென்று தனி இயந்திர ஏற்றுதளமே வைத்திருந்த துறைமுகம் அது. கரி எண்ணூருக்குப் போனது. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம். 2001-ல் எண்ணூரைத் தொடங்கியதே அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்கத்தான். கிராப் என்னும் இரும்புக் கை கப்பலில் இருந்து அள்ளி ஹாப்பரில் (புனல் மாதிரித் தொட்டி) போட, அங்கிருந்து கன்வேயர் பெல்ட்டில் நேரே மின்நிலையத்துக்குப் போய்விடும்.

பெல்ட் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். பனாமாக்ஸ் என்னும் பெரிய ரகச் சரக்குக் கப்பல் ஒன்றில் 70,000 டன். 20 டன் டிப்பர் என்றால் 3,500 நடை. ரயில் என்றால் ஏறத்தாழ 18 ரேக், அதாவது 18 முழுச் சரக்கு ரயில். ஒரே கப்பலுக்கு! டிப்பர் வரத் தாமதமானால் கப்பலுக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். அவசரத்தில் நனைக்காமல் அள்ளினால் தூசி பறக்கும். குவியலை இறுக்காமல் வாரக்கணக்கில் விட்டால் உள்ளே சூடேறித் தானே புகையும்.

தூத்துக்குடியின் சிக்கல் வேறு. அங்கே அடியில் பாறை. சென்னையில் மணலை உறிஞ்சி எடுப்பது போல அங்கே ஆழப்படுத்த முடியாது, உடைத்து எடுக்க வேண்டும், செலவு எகிறும். ஆழத்துக்கு ஏன் இத்தனை பாடு என்றால், பனாமாக்ஸ் கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழத்தில் ஒரு மீட்டர் குறைத்தால் 6,500 டன்னுக்கு மேல் சரக்கை விட்டுவிட்டு வர வேண்டும். சரக்குக்குத் தகுந்த இடமாகப் பார்த்தால் தூத்துக்குடிக்கு நல்ல பெயர் தரலாம். 70 மீட்டரைத் தாண்டும் காற்றாலை இறக்கைகளை அங்கிருந்து ஏற்றுகிறார்கள். அதற்குத் தேவை உயரமான கிரேனை விட, வளைவு இல்லாத சாலையும் இறக்கைகளைப் படுக்க வைக்கப் பரந்த திடலும்தான்.

புதிதாகக் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டலாம் என்பவர்கள் மணலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் போட்டால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். மெரினா இவ்வளவு அகலமானது சென்னைத் துறைமுகத்தால்தான். ராயபுரத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் வந்ததும் அதே துறைமுகத்தால்தான். மெரினாவில் காற்று வாங்குபவர்களுக்கு இது நினைவில் இருப்பதில்லை.

சரி, நாகையும் கடலூரும் என்ன செய்வது? வாரம் 60 பெட்டிக்காக எந்தக் கப்பல் கம்பெனியும் வராது. கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், இழுத்து வரும் டக் படகு, துறைமுகக் கட்டணம் எல்லாம் கப்பலின் டன்னேஜைப் பார்த்துப் போடுவது. பெட்டி குறைவு என்று அது குறையாது. கரி இறக்கலாம் என்றால், அதற்கு நாகூரை ஒட்டி ஏற்கெனவே காரைக்கால் துறைமுகம் இருக்கிறது. நாகை, கடலூர் இரண்டுமே ஆற்றுமுகத் துறைமுகங்கள். கடலூரில் கப்பல் வெளியே நங்கூரம் போட, பார்ஜ் என்னும் தட்டைப் படகில் சரக்கை மாற்றிக் கரை சேர்த்தார்கள். இரண்டு முறை கையாளும் செலவு, வடகிழக்குப் பருவக்காற்றில் அலை எழுந்தால் வேலை நிறுத்தம்.

ஆனால் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இன்றும் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகின்றன. ஒரு தோணிக்குச் சில நூறு டன் போதும். நாகையில் இருந்து 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சிறு துறைமுகத்துக்கு இந்த அளவுதான் பொருந்தும். இதற்கு வேண்டியது தோணி தரை தட்டாத அளவு ஆழம், மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் தவறாமல் முகத்துவாரத்தில் தூர்வார ஒதுக்கிய பணம், ஒரு மொபைல் கிரேன், ஒழுகாத கூரையோடு ஒரு கிடங்கு, வேலை நாளெல்லாம் இருக்கையில் இருக்கும் சுங்க அதிகாரி. அடுத்த முறை மேடையில் டெர்மினல் என்று யாராவது சொன்னால், போன வருடம் முகத்துவாரத்தைத் தூர்வாரினீர்களா என்று கேளுங்கள்.