கைதட்டினவங்க கவனத்துக்கு

நேத்து காலையிலேர்ந்து அந்த வீடியோ நாலு தடவை என் போனுக்கு வந்துடுச்சு. எதுன்னு உங்களுக்கே தெரியும். தாய்லாந்துல புக்கெட் துறைமுகம், கிளம்பத் தயாரா நிக்கிற கப்பல், ரெண்டு கையிலயும் பையோட ஓடி வர்ற அந்த அம்மா, பத்தடி பின்னாடி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வர்ற அந்தப் பெரியவர். மேல்தளத்துல இருந்து விசில், கைதட்டல், "ஓடு ஓடு"ன்னு கூச்சல். அது போதாதுன்னு யாரோ சினிமாப் பாட்டு வேற சேர்த்திருக்காங்க. அதுக்கு "ஷாப்பிங் முடிஞ்சுதா ஆன்ட்டி"ன்னு தலைப்பு வச்சவங்க என் நட்புப் பட்டியல்லயே இருக்காங்க. பேரு சொல்லப் போறதில்லை. இதைப் படிக்கிறாங்கன்னு தெரியும்.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். சிரிக்காதீங்க. கப்பலை நிறுத்தி வைக்கணும்னு சொல்லலை. அவங்க பண்ணது சரின்னும் சொல்லலை. மூச்சிரைக்க ஓடி வர்ற வயசானவங்களைப் பார்த்துச் சிரிக்காதீங்க, அவ்வளவுதான்.

உடனே வருவீங்க, "நேரத்துக்கு வரத் தெரியாதா?"ன்னு. சரி, அந்த நேரத்தைப் பத்தியே பேசுவோம். சிங்கப்பூர்ல கிளம்பி புக்கெட் போற பல கப்பல்கள் கடைசி வரைக்கும் சிங்கப்பூர் நேரத்துலயே ஓடும். தாய்லாந்து நேரம் அதைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. கரையில கால் வச்சதும் போன் தானா தாய்லாந்து நேரத்துக்கு மாறிடும். அஞ்சு மணிக்குள்ள ஏறணும்னு கப்பல்ல சொல்லியிருப்பாங்க. அஞ்சு ஆகும்போது போன்ல நாலுன்னு காட்டும். கையில பழைய வாட்ச் கட்டினவர் தப்பிச்சாரு, புது போன் வச்சிருந்தவர் மாட்டினாரு. முந்தின ராத்திரி கதவிடுக்குல போட்டுட்டுப் போற தாள்ல இது இங்கிலீஷ்ல எழுதியிருக்கும், இல்லைன்னு சொல்லலை. அதை நீங்க எத்தனை பேரு முழுசாப் படிச்சீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. அந்தத் தம்பதிக்கு இதுதான் நடந்துச்சான்னு எனக்குத் தெரியாது. சிரிச்ச உங்களுக்கும் தெரியாது.

"ரெண்டாயிரம் பேரு ரெண்டு பேருக்காகக் காத்திருக்கணுமா?" வேண்டாம். கப்பலைத் துறைமுகத்துலேர்ந்து வெளியே வழிகாட்டிக் கொண்டுபோற பைலட் வந்து நிப்பாரு, கப்பல் நிக்கிற இடத்துக்கு அடுத்த கப்பல் வரும், துறைமுகத்துக்குப் பணம் கட்டணும், எல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. கப்பல்காரங்ககிட்டயே டூர் வாங்கிட்டுப் போன பஸ் டிராஃபிக்ல மாட்டினா அதே கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். வெளியே டாக்ஸி பிடிச்சுப் போனவங்களுக்குத்தான் கடிகாரம் கறாரா ஓடும். தங்களோட டூரை விக்கும்போது அவங்களே இதைச் சொல்லித்தான் விக்கிறாங்க. அதனால "விதின்னா விதிதான்"னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

2024 மார்ச்சுல ஆப்பிரிக்கா பக்கத்துல சாவோ டோமேங்கிற தீவுல எட்டு பேரை விட்டுட்டு ஒரு கப்பல் கிளம்பினது ஞாபகம் இருக்கா? வெளியாள்கிட்ட டூர் எடுத்துட்டுப் போனவங்க. வயசானவங்க இருந்தாங்க, ஒரு கர்ப்பிணி இருந்தாங்க. கப்பல் இன்னும் கண்ணுக்கு எதிர்லதான் நிக்குது. அந்த ஊர் கடலோரக் காவல்படை படகுல கொண்டுபோய் விட்டும் ஏத்திக்கலை. பாஸ்போர்ட்டைத் துறைமுக ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நாடு நாடாச் சுத்தி கடைசியில செனகல்ல போய்ப் பிடிச்சாங்க. அதுக்கும் உலகம் பூரா இதே சிரிப்புதான், இதே "நல்லா வேணும்"தான்.

இவ்வளவு கோவம் எதுக்குன்னு நேத்து ஒரு தோழி கேட்டா. சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அப்பாவும் அந்த மாதிரி ஒரு கப்பல்ல மலேசியாவுல இருக்கிற பினாங்கு போனோம். அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. கப்பல்ல இருக்கிற நீச்சல்குளம், நாடகம் எதுலயும் அவருக்கு ஆர்வம் இல்லை. அவருக்கு வேண்டியது பினாங்குல ஒரே ஒரு நாள். தாத்தா 1937ல, தமிழ்நாட்டுலேர்ந்து மலாயாவுக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போன ரஜூலா கப்பல்ல, மேல்தளத்துல பாய் விரிச்சுப் படுத்து, ரப்பர் தோட்டத்துக்குப் போனவரு. கூலிகளா வந்தவங்களை நோய் பயத்துல முதல்ல பினாங்கு பக்கத்துல இருக்கிற ஜெரஜாக் தீவுல இறக்கி வைப்பாங்க. தாத்தாவும் அங்க கிடந்துட்டுத்தான் ஊருக்குள்ள வந்தாராம். வந்ததும் முதல்ல போனது குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு. 1833ல கட்டின கோயில் அது. அப்பா சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்த கதை.

நாங்க போய்ச் சேர்ந்தப்போ நடை சாத்தியிருந்தது. நாலரைக்குத் திறப்பாங்கன்னு பக்கத்துல பூ கட்டிட்டு இருந்த அக்கா சொன்னாங்க. அஞ்சரைக்குள்ள கப்பல்ல இருக்கணும். போயிடலாம்ப்பான்னு மூணு தடவை சொன்னேன். அவரு பதிலே பேசலை. வாசல் படியில உக்காந்து கோபுரத்தையே பார்த்துட்டிருந்தாரு. நாலாவது தடவை கேக்க எனக்கு வாய் வரலை.

திறந்ததும் உள்ள போனவரு சாமியை அஞ்சு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டாரு. ஒரு தூணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு நின்னாரு. தாத்தா தொட்ட தூண் அதுதானான்னு யாருக்குத் தெரியும்? வெளியே வந்தா செருப்பைக் காணோம். தேடுறதுக்கும் நேரம் இல்லை. "விடும்மா, எங்கப்பாவும் இங்க வெறுங்காலோடதான் வந்திருப்பாரு"ன்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. டாக்ஸி கிடைக்கலை. நடை ஓட்டமாச்சு. கோட்டைப் பக்கத்துல ஒரு மணிக்கூண்டு இருக்கு, விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 வருஷம் ஆனதுக்காக, வருஷத்துக்கு ஒரு அடின்னு 60 அடி உயரத்துல கட்டினது. காலையில அதை அப்பாவுக்குப் பெரிய கைடு மாதிரி விளக்கினவ நான். சாயங்காலம் அதைத் தாண்டி ஓடும்போது நிமிர்ந்து மணி பார்க்கக்கூட தைரியம் இல்லை. சூடான தார் ரோட்டுல அப்பா குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடினாரு. எழுபது வயசு மனுஷன் அப்படி ஓடினா பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பு வரும்தான்.

வந்துச்சு. ஏணிப் பாலத்துக்கிட்ட நெருங்கும்போது மேலேயிருந்து கைதட்டல், விசில். நாலஞ்சு போன் எங்களைப் பார்த்து நீட்டியிருந்தது. எனக்கு அப்படியே மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருந்தது. அப்பா என்ன பண்ணாரு தெரியுமா? நின்னு, மேல பார்த்து, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாரு. எல்லாரும் நம்மளை உற்சாகப்படுத்துறாங்கன்னு நினைச்சுட்டாரு. "நல்ல ஜனங்கம்மா"ன்னு வேற சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

அந்த நாலஞ்சு போன்ல எங்க அப்பா இப்பவும் இருப்பாரு. எந்தப் பாட்டைச் சேர்த்தாங்களோ.

"கப்பல்ல உல்லாசம் போற காசுக்காரங்களுக்கு என்ன அனுதாபம்?"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. ஐயா, ரிட்டயரான பணத்துல ஒரு துண்டை எடுத்து, ஜன்னல்கூட இல்லாத உள் அறையில, கட்டில்ல எழுந்தா தலை இடிக்கிற இடத்துல படுத்துட்டுப் போனோம். ரஜூலா மேல்தளத்துல போனவரோட பையன் அவரு. ஒரு தடவை உள்ள படுத்துப் போனா உங்களுக்குப் பொறுக்கலையா? சரி, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு. இதை எழுதியிருக்கவே வேண்டாம், ஆனா அழிக்கப் போறதில்லை.

"சும்மா ஜாலிக்கு"ன்னு சொன்னவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. போங்க.

வந்து சேர்ந்தவங்களைப் பார்த்தாவது சிரிக்க முடியுது. 2025 அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல லிசர்ட் தீவுல என்ன ஆச்சு? கப்பல்ல வந்த எண்பது வயசு அம்மா, கூட்டத்தோட மலை ஏறும்போது முடியாமத் தனியாத் திரும்பியிருக்காங்க. அவங்க திரும்பக் கப்பல்ல ஏறலைங்கிறதைக் கவனிக்காமக் கப்பல் கிளம்பிடுச்சு. ஆள் இல்லைன்னு தெரிஞ்சு திரும்பி வந்தாங்க. மறுநாள் உடல்தான் கிடைச்சுது. அந்த அம்மா ஓடி வந்தாங்களா, தட்டுத் தடுமாறி நடந்து வந்தாங்களா, யாரு பார்த்தா? இதுக்கும் அந்த வீடியோவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்வீங்க. இல்லாமயே இருக்கட்டும். எனக்கு அந்தப் பெரியவர் இடுப்பைப் பிடிச்சுட்டு வர்றதைப் பார்த்ததும் இதுதான் ஞாபகம் வந்துச்சு, நான் என்ன பண்ண?

எங்க குடும்ப குரூப்லயும் அந்த வீடியோ வந்தது. சித்தப்பா பையன் போட்டான். இருபத்தெட்டு பேரு இருக்கிற குரூப். வரிசையா சிரிப்பு பொம்மை, அத்தை ஒரு ஜோக், மாமா ஒரு ஜோக். அப்பாவும் அதுல இருக்காரு. ராத்திரி எல்லாரும் அடங்கின அப்புறம், எழுத்துப் பிழையோட, ஒரு வரி போட்டிருந்தாரு.

"பாவம், ஏறிட்டாங்களா?"

இதுவரைக்கும் யாரும் பதில் போடலை.