வழக்கு எண்ணில் தொடங்கும் அப்பாக்கள்

விவாகரத்துக்குப் பின் பிள்ளைகளைப் பிரிந்து வாழும் அப்பாக்கள் தங்கள் கதையைப் புகாராகவே சொல்கிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பெரும்பாலும் சரி. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைகளைச் சந்திக்கும் அறையில் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பேச்சு மனு போட்ட தேதியில்தான் தொடங்கும். அப்புறம் வாய்தா, வக்கீல் ஃபீஸ். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்ற 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் வரி எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளைக்கு எந்தப் பல் விழுந்தது என்று கேட்டால் தெரியாது. அன்பு இல்லாமல் இல்லை. எங்களிடம் கேட்கப்படுவதெல்லாம் சம்பளச் சீட்டும் பள்ளிக் கட்டண ரசீதும்தான். வருடக்கணக்கில் அதையே பேசினால் வேறு பேச்சு வராமல் போய்விடுகிறது.

2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைப் பரிந்துரைத்தது. அது சட்டமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் கட்டுரையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நாங்கள் சொல்லும் கதையை நாளைக்குப் பிள்ளைகளும் கேட்பார்கள். அதில் வில்லியாக வருவது அவர்களுடைய அம்மா. இது உறைத்த பிறகு, ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். மகளுக்காகத்தான், வக்கீலுக்காக இல்லை. முதல் பக்கத்தில் இருப்பது, அவள் டிபன் பாக்ஸில் எனக்காக மிச்சம் வைத்திருந்த அரை இட்லி.