எளியதில் தொடங்குவதில்லை

தென்னாப்பிரிக்காவின் வெண்டா இன மக்களின் இசை பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். வெண்டா பிள்ளைகள் எளிய பாட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதுக்குப் போகிறார்கள் என்று அது சொல்வதை ஏற்க முடியவில்லை. 1950களில் வெண்டா பகுதியில் ஆய்வு செய்த இசை ஆய்வாளர் ஜான் பிளாக்கிங் கண்டது வேறு. எது அடிக்கடி காதில் விழுகிறதோ, எதில் தங்களைச் சேர்த்துக்கொள்கிறார்களோ, அதைத்தான் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஊரே கூடும் சிகோனா என்ற குழல் ஆட்டத்தைப் பாருங்கள். ஆளுக்கொரு குழல், ஒவ்வொரு குழலிலும் ஒரு சுரம் மட்டும். தன் முறை வரும்போது மட்டும் ஊத வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மெட்டில் ஓட்டை விழும். அதைக் கேட்டே வளர்வதால் பல பிள்ளைப் பாட்டுகளில் அதே அமைப்பு சில சுரங்களாகச் சுருங்கி நிற்கிறது. சுரம் குறைவு என்பதால் இசையறிவும் குறைவு என்று எடைபோடுவது பெரிய அநியாயம். பெண்பிள்ளைகள் பருவமடைந்ததை ஒட்டி நடக்கும் தொம்பா சடங்கில் முன்னால் நிற்பவளின் கையைப் பிடித்து வரிசையாக நகரும் அவர்களையும் கட்டுரை சேர்த்திருக்க வேண்டும். அங்கே முரசு அடிப்பதும் பெண்கள்தான்.