கன்ஸ்ட்ரக்ஷன் வீக்

மேஸ்திரி: விரிசல் எந்தப் பக்கம் சார்?

சார்: என்ன விரிசல்?

மேஸ்திரி: நேற்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்களே. 'கன்ஸ்ட்ரக்ஷன் ரொம்ப வீக், எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை' என்று. தூங்கவே இல்லை சார். போர்டிகோ போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது.

சார்: அடக்கடவுளே! ஓவிய மாஸ்டருக்கு அனுப்பியது. போனில் மாஸ்டருக்கு அடுத்த பெயர் மேஸ்திரி, விரல் தவறிவிட்டது. வீக் என்றது என் செம்பருத்தியை.

மேஸ்திரி: செம்பருத்திக்குக் கன்ஸ்ட்ரக்ஷனா? எத்தனை மூட்டை சிமென்ட்?

சார்: சிமென்ட் எல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் இதழை வரையக் கூடாது. முதலில் ஒரு வட்டம். பூ சாய்ந்திருந்தால் வட்டம் முட்டை மாதிரி நசுங்கும். நடுவில் ஒரு கோடு. அப்புறம்தான் இதழ்.

மேஸ்திரி: நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி, அப்புறம்தான் அஸ்திவாரம் தோண்டுவது. இதற்கு ஒரு மாஸ்டரா? சரி, காட்டுங்கள்.

(பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார்.)

மேஸ்திரி: கம்பளிப்பூச்சி நன்றாக வந்திருக்கிறது. பூ எங்கே?

சார்: அதுதான் பூ. தப்பாகிவிடுமோ என்று சின்னச் சின்னதாக இழுத்தேன், கோடு மயிர் மயிராக நிற்கிறது. கோட்டில் கான்ஃபிடன்ஸ் இல்லை என்கிறார் மாஸ்டர். அதற்காகவே 12 பென்சில் வாங்கினேன். ரப்பரே மூன்று விதம்.

மேஸ்திரி: மூன்று ரப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கோட்டுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? பென்சிலை ஏன் இப்படி நுனியில் நெரிக்கிறீர்கள்? கலவையை நான் மணிக்கட்டாலா வீசுகிறேன்? கை தோளிலிருந்து வரவேண்டும். தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, கோடு போய்ச் சேரும் இடத்தில் இருக்கவேண்டும். அப்புறம் ஒரே இழுப்பு.

சார்: மாஸ்டர் இதையேதான் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னார்.

மேஸ்திரி: சிமென்ட் சேர்த்தா, சேர்க்காமலா?

சார்: மேஸ்திரி!

மேஸ்திரி: சரி, எந்தச் செடியைப் பார்த்து வரைந்தீர்கள்? தொட்டி ஓரத்தில் நிற்கிறதே, அதையா?

சார்: வெளியே ஒரே வெயில். போனில் ஒரு படம் இருந்தது.

மேஸ்திரி: பத்தடி தள்ளி 20 பூ பூத்துக் கிடக்கிறது, நீங்கள் ஃபேனுக்குக் கீழே போனைப் பார்த்துப் பூ வரைகிறீர்கள். இங்கே வாருங்கள். பூவுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறதே இந்தத் தண்டு, அதையும் பின்னால் இருக்கும் காம்பையும் பாருங்கள். இரண்டும் ஒரே நூலில் இருக்கிறதா? உங்கள் படத்தில் தூண் இங்கே நிற்கிறது, அஸ்திவாரம் பக்கத்து வீட்டில் கிடக்கிறது. இதழ் வேறு ஆறு.

சார்: கொஞ்சம் நிறைவாக இருக்கட்டுமே என்று...

மேஸ்திரி: இது ஒற்றைச் செம்பருத்தி சார், இதழ் ஐந்துதான். ஆறாவது அனுமதி வாங்காத மாடி. இன்னொன்று, இதழ்கள் ஓடு வேய்ந்த மாதிரி இருக்கின்றன பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அடுத்ததின் மேலே, மறுபக்கம் கீழே. நீங்கள் தட்டில் வைத்த பூரி மாதிரி தனித்தனியாகப் பரப்பியிருக்கிறீர்கள்.

சார்: அதையெல்லாம் ஷேடிங்கில் சரிசெய்துவிடலாம்.

மேஸ்திரி: சுவர் அரை அங்குலம் விலகியதைப் பூச்சில் சரிசெய்கிறேன் என்று நானும்தான் சொன்னேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டது யார்?

சார்: (அவசரமாக) இந்த வேலையில் நம் ஆட்கள் பெரிய கை, தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸில் ராபர்ட் வைட் என்று ஒரு டாக்டர், செடி ஆராய்ச்சி செய்தவர். அவருக்குப் படம் வரைந்தது ரங்கையா, அவருக்கு அப்புறம் கோவிந்து. 1853-இல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்துவிட்டார் வைட்!

மேஸ்திரி: வரைந்தவன் பெயரைச் செடிக்கே வைத்தாரா? நான் இந்தத் தெருவில் மட்டும் 11 வீடு கட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கல்வெட்டு இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர், அவர் அப்பா பெயர், திறந்து வைத்த கவுன்சிலர் பெயர். மூன்றாம் வீட்டில் நாய்க்கு மட்டும் என் பெயர். அதுவும் தற்செயல் என்கிறார்கள்.

சார்: ...

மேஸ்திரி: அட, கீழே மூலையில் ஒரு கோடு அருமையாக இருக்கிறதே! நடுக்கம் இல்லை, திருத்தல் இல்லை, ஒரே இழுப்பு. இது என்ன, வேரா?

சார்: என் கையெழுத்து.

மேஸ்திரி: அப்படியா! இதே கோட்டை செக்கிலும் ஒருதரம் இழுத்துவிடுங்கள். 3,000.

சார்: செக் புக் உள்ளே இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

மேஸ்திரி: போங்கள் சார். ரப்பரை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.