ஆஸ்டின் ஊர்க்காரர்களைக் குறை சொல்லும் முன்

நம் இந்தியானா தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆஸ்டின் என்ற சின்ன ஊரின் மக்கள்தொகை, வருமானம், படிப்பு. இன்னொரு பக்கம் போதைப் பழக்கம் பற்றிய எண்கள். கீழே அவரே எழுதிய ஒரு வரி: "படிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது, வேறென்ன ஆகும்?" நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இது டெக்சாஸ் ஆஸ்டின் இல்லை. கொலம்பஸிலிருந்து லூயிவில் போகும் ஐ-65 நெடுஞ்சாலையில் 34-ஆம் எக்ஸிட், ஸ்காட் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). லூயிவில் கோயிலுக்குப் போகிற நம்மில் பலர் பெட்ரோல் போட அங்கே இறங்கியிருப்போம். 2010 கணக்கெடுப்பில் 4,295 பேர், 2020-ல் 4,064 பேர். ஏறத்தாழ எல்லாருமே வெள்ளையர்கள். பலருடைய குடும்பங்கள் கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியிலிருந்து டின் உணவுத் தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறியவை. சூப்பும் பீன்ஸும் அடைக்கிற அந்தத் தொழிற்சாலைதான் ஊருக்கே சோறு போட்டது.

இந்த ஊரைத்தான் 2015-ல் எச்.ஐ.வி. பிடித்து உலுக்கியது. ஸ்காட் கவுண்டி முழுவதுக்குமே வருடத்துக்கு ஐந்து பேருக்குக்கூடப் புதிதாக எச்.ஐ.வி. தெரியவராத இடம் அது. 2014 நவம்பரிலிருந்து ஒரே வருடத்தில் 181 பேருக்குத் தொற்று உறுதியானது, பெரும்பாலோர் ஆஸ்டின் ஊர்க்காரர்கள். பிறகு எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. அந்த 181 பேரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்தே இருந்தது. நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில் இது எப்பேர்ப்பட்ட எண் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படிப் பரவியது என்பது முக்கியம். ஓப்பானா என்று ஒரு வலி மாத்திரை. கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதித் தருகிற ஓபியாய்டு (அபின் வகை) மருந்து, உள்ளே இருப்பது ஆக்சிமார்ஃபோன். இதைப் பொடித்து மூக்கில் இழுக்கிறார்கள் என்று தெரிந்ததும், பொடிக்க முடியாதபடி 2012-ல் மாத்திரையின் வடிவத்தை மாற்றினார்கள். அடிமைப்பட்டவர்கள் அதனால் நிறுத்திவிடவில்லை, அதே மாத்திரையைக் கரைத்து ஊசியில் போட்டுக்கொள்ளப் போனார்கள். இது என் ஊகம் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 ஜூனில் அந்த மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னபோது சொன்ன காரணமே இதுதான். தவறான பயன்பாட்டைக் காரணம் காட்டி ஒரு ஓபியாய்டு மருந்தை விலக்கிக்கொள்ளும்படி அந்த அமைப்பு கேட்டது அதுதான் முதல் முறை. ஆஸ்டின் பற்றி எரிந்து இரண்டு வருடம் ஆன பிறகு.

ஒரு மாத்திரை கள்ளச் சந்தையில் நூறு டாலருக்கு மேல். அதனால் ஒன்றை வாங்கிப் பலர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு 4 முதல் 15 தடவை வரை ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருந்ததாக அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு விவரமும் இருக்கிறது. சில வீடுகளில் மூன்று தலைமுறை, அதாவது பாட்டி, அம்மா, பிள்ளை என்று ஒன்றாக உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஒரே ஊசி கை மாறுகிறது. அப்படிப்பட்ட ஒரு வட்டத்துக்குள் எச்.ஐ.வி. ஒரே ஒருவர் மூலம் நுழைந்தால்கூடப் போதும்.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். அதில் இருந்த வகை எண்கள் பொய் இல்லை. அந்தச் சமயத்தில் ஸ்காட் கவுண்டியில் வேலையில்லாதோர் 8.9 விழுக்காடு, பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்கள் 21.3 விழுக்காடு, வறுமைக் கோட்டுக்குக் கீழே 19 விழுக்காடு. ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு "இவர்கள் இப்படித்தான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்டினுக்குப் பிறகு, இதே மாதிரி வேறு எங்கெல்லாம் நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுக்க ஒரு கணக்குப் போட்டது. 26 மாநிலங்களில் 220 கவுண்டிகள் ஆபத்துப் பட்டியலில் வந்தன. கென்டக்கியில் மட்டும் 54. அந்தப் பட்டியலில் ஸ்காட் கவுண்டிக்கு என்ன இடம் தெரியுமா? 32. நாடே அதிர்ந்து பார்த்த இடத்தைவிட ஆபத்து அதிகம் என்று கணக்கு சொன்ன கவுண்டிகள் 31 இருந்தன. வறுமையும் படிப்பின்மையும் மட்டுமே காரணம் என்றால் அங்கேயெல்லாம் ஆஸ்டினுக்கு முன்பே வெடித்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஆஸ்டினில் வேறு என்ன இருந்தது என்று கேட்பதைவிட, அங்கே என்னென்ன இல்லை என்று கேளுங்கள். 2004-ல் வில்லியம் குக் என்ற இளம் மருத்துவர் வந்து கிளினிக் திறந்தார். அவர் ஒருவரை நம்பித்தான் ஊரே இருந்தது. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் சிறப்பு மருத்துவர் ஊரில் கிடையாது. கவுண்டியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த ஒரே இடம் பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்பர்கில் இருந்த, குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை தரும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பின் கிளினிக். நிதி வெட்டுக்குப் பிறகு 2013-ல் அதையும் மூடிவிட்டார்கள். போதைக்காக ஊசி வைத்திருந்தால் குற்றம், பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி தருகிற ஊசி மாற்று மையம் நடத்த அப்போது சட்டத்தில் இடமே இல்லை. கையில் சுத்தமான ஊசியோடு போலீசில் மாட்டினால் ஜெயில் என்கிற ஊரில் யார் தனியாக ஊசி வைத்துக்கொள்வார்கள்?

எச்சரிக்கை மணியும் முன்பே அடித்தது. 2010, 2011-லேயே அங்கே ஹெபடைட்டிஸ் சி ஏறிவிட்டது. ரத்தம் வழியாகப் பரவுகிற ஒரு கிருமி ஊசிகளில் சுற்றுகிறது என்றால் அடுத்ததும் அதே வழியில் வரும். இதைப் புரிந்துகொள்ள மேதையாக இருக்க வேண்டியதில்லை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 2013 தொடக்கத்திலேயே தடுப்பு வேலையில் தீவிரமாக இறங்கியிருந்தால் மொத்தத் தொற்று 56-க்குள் நின்றிருக்கும், 2011-லேயே இறங்கியிருந்தால் 10-க்குள் நின்றிருக்கும். கணித மாதிரி வைத்துப் போட்ட கணக்குதான், ஆனாலும் இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வராமல் இல்லை. அப்படித் தப்பித்திருக்கக்கூடிய 170-க்கு மேற்பட்டவர்கள் இப்போது ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள்.

மாநில அரசு 2015 ஜனவரியில் விசாரணையைத் தொடங்கியது. அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ் ஊசி மாற்றுத் திட்டத்தைக் கொள்கையாகவே எதிர்ப்பவர். மார்ச் 26-ல்தான் அவசரநிலை அறிவித்துத் தற்காலிகமாக அனுமதித்தார். அதற்குள் 70-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. ஆனால் அனுமதித்த பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்த வருடக் கடைசிக்குள் புதிய தொற்றுகள் மளமளவென்று குறைந்தன. பின்னாளில், தொற்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குச் சிகிச்சை பலித்தது. அதே ஊர், அதே வருமானம், அதே படிப்பு. படத்தில் இருக்கிற எண்கள் எதுவும் மாறவில்லை.

குழுவில் ஒரு நண்பர் கேட்டது: "நம் வரிப்பணத்தில் போதை ஆசாமிகளுக்கு ஊசி வாங்கித் தரணுமா? இது ஊக்குவிப்பு இல்லையா?" நியாயமாகக் கேட்டார், அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன். ஊசி மாற்று மையத்துக்குள் போகிறவருக்குப் பெயர் இல்லாமல் ஒரு அடையாள அட்டை தருவார்கள், ஊசியோடு போலீசில் பிடிபட்டால் காட்டுவதற்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுகிறீர்கள் என்று செவிலியர் கேட்டு, அந்தக் கணக்குக்கு ஊசி எண்ணித் தருவார். பழையதைத் திரும்பக் கொண்டுவரப் பெட்டியும் உண்டு. கூடவே எச்.ஐ.வி. பரிசோதனை, ஹெபடைட்டிஸ் தடுப்பூசி. ஆஸ்டினில் ஒரே கூரையின் கீழ் பிறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணம், காப்பீட்டுப் பதிவு எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். பிறப்புச் சான்றிதழே கையில் இல்லாதவருக்குக் காப்பீடு கிடைக்காது, காப்பீடு இல்லாமல் சிகிச்சை கிடைக்காது. ஊசி என்பது அவரை அந்தக் கதவுக்குள் வரவைக்கிற காரணம். இப்படிப்பட்ட மையத்துக்குப் புதிதாக வருகிறவர், வராதவரைவிடப் போதை மீட்புச் சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு, பழக்கத்தை விடும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. பணக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு: எச்.ஐ.வி. வந்த ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஆகும் மருத்துவச் செலவு ஏறத்தாழ 3.8 லட்சம் டாலர் என்று அதே மையத்தின் மதிப்பீடு உண்டு. ஒரு ஊசி சில சென்ட்.

"இந்தியாவில் இப்படிச் செய்வார்களா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். செய்கிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வருடக்கணக்காகத் தொண்டு நிறுவனங்கள் மூலம் சுத்தமான ஊசியும், போதைப் பொருளுக்கு மாற்று மருந்தாக புப்ரினார்ஃபினும் தந்துவருகிறது. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றையே 1986-ல் நம் சென்னையில்தான் நிர்மலா, சுனிதி சாலமன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் பண்பாட்டுக்கு அதெல்லாம் வராது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் ஆஸ்டினில் பிறந்து வளர்ந்தவர். புது ஆட்கள் ஊரைக் கேட்டால் ஸ்காட்ஸ்பர்க் என்று சொல்லிவிடுவார். ஆஸ்டின் என்று சொன்னால் எதிரே இருப்பவர் பார்வை தன் கைக்கு, அதுவும் முழங்கை மடிப்புக்குப் போகிறதாம். அவர் வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. அந்தப் படத்தைப் பகிரும்போது இப்படிப்பட்டவர்களின் மேலும்தான் அந்த முத்திரை விழுகிறது.

இதற்கெல்லாம் பிறகும் என்ன நடந்தது? 2021 ஜூனில் ஸ்காட் கவுண்டி ஆணையர்கள் மூவரில் இருவர், ஊசி மாற்றுத் திட்டத்தை அந்த வருடத்தோடு முடித்துக்கொள்ள வாக்களித்தார்கள். 2015-ல் இந்தியானா சுகாதார ஆணையராக இருந்து, பின்னாளில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாகவும் ஆன ஜெரோம் ஆடம்ஸ் மூடாதீர்கள் என்று வாதாடினார். பலிக்கவில்லை. ஊசியைக் கொடுத்து ஒருவர் அதிலேயே அளவு மீறிச் செத்துப்போனால் நம் மனசாட்சி என்ன ஆகும் என்பது எதிர்த்தவர்களின் கவலை. அந்தக் கவலை உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் ஊசியை நிறுத்தினால் அவர் நிறுத்திவிட மாட்டார், பக்கத்தில் இருப்பவருடையதை வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆஸ்டின் அதைத்தான் நமக்கு மிகப் பெரிய விலை கொடுத்துக் காட்டியது. ஒஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கியின் லூயிவிலில் 2015 ஜூனிலேயே தொடங்கிய மையம் இருக்கிறது. ஆனால் அது 35 மைல் தூரம். கார் இல்லாதவர், லைசென்ஸ் பறிபோனவர் எப்படிப் போவார்?

இங்கே வாக்குரிமை வாங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தியானாவில் இந்தத் திட்டம் தொடர்வதா இல்லையா என்பதை அந்தந்த உள்ளூர் அமைப்புதான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை வாக்களித்து முடிவு செய்கிறது. அந்தக் கூட்டங்கள் எல்லாருக்கும் திறந்தவை. பள்ளி போர்டு கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்று பேசுகிற நாம், உங்கள் கவுண்டியில் இது அடுத்து எப்போது வாக்கெடுப்புக்கு வருகிறது என்று விசாரித்து அங்கேயும் போய் மூன்று நிமிடம் பேசலாம். வர விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் உங்கள் கவுண்டி பெயரைப் போடுங்கள், தேதியைத் தேடித் தருகிறேன்.