பாயசம் வேணாம்னு சொன்னதுக்கு

ஞாயித்துக்கிழமை நெல்லிக்குப்பம் மண்டபத்துல நான் இலைக்கு மேல கையை விரிச்சுப் பாயசத்தைத் தடுத்த வீடியோவைப் பார்க்காதவங்க இந்த நட்பு வட்டத்துல யாரும் இருக்க மாட்டீங்க. அதுக்குக் கீழ அந்தப் பெரிய மனுஷர் போட்ட கமெண்ட்டையும் படிச்சிருப்பீங்க. "வைரஸ் போச்சுன்னு 2019ல நீங்களே பதிவு போட்டு லட்டு கொடுத்தீங்க. இப்ப பாயசத்தைப் பார்த்து பயப்படுறீங்க. ரெண்டுல எதும்மா பொய்?" 63 பேர் சிரிச்சிருக்கீங்க. அதுல நாலு பேர் என் வீட்டுக் கூடத்துல உக்காந்து காபி குடிச்சவங்க. சந்தோஷம்.

ரெண்டுமே பொய் இல்லைங்க. போனது ஹெப்படைட்டிஸ் சி வைரஸ். நான் பாயசத்தைத் தடுத்தது அது கெடுத்துட்டுப் போன கல்லீரலுக்காக. வைரஸ் வேற, கல்லீரல் வேற. 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே'ங்கிற புயல் நம்ம கடலூர்க் கரையைத் தாண்டிப் போயிடுச்சு. பண்ருட்டிப் பக்கம் சாஞ்ச பலா மரமும் முந்திரி மரமும் மறுநாள் எழுந்து நின்னுச்சா? புயல் போனது உண்மை. தோப்பு போனதும் உண்மை. இதைப் புரிஞ்சிக்க எம்.பி.பி.எஸ். வேண்டாம், கடலூர்க்காரனா இருந்தா போதும்.

புதுசா வந்தவங்களுக்காக என் கதை. 1996ல ரெண்டாவது பிரசவத்துல எனக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. தானமா வர்ற ரத்தத்துல ஹெப்படைட்டிஸ் சி இருக்கான்னு பார்க்கிறது அப்போ நம்ம ஊர்ல கட்டாயம் இல்லை. 22 வருஷம் அது சத்தமே போடாம உள்ள இருந்துச்சு. 2018ல கண் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தப் பரிசோதனையிலதான் மாட்டுச்சு. ஜீனோடைப் 3, அதாவது அந்த வைரஸோட மூணாவது ரகம். இந்த ரகத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு, வைரஸே கல்லீரல்ல கொழுப்பைச் சேர்க்கும். போதாததுக்கு இன்சுலினையும் சரியா வேலை செய்ய விடாது. அப்படித்தான் எனக்கு சர்க்கரை 8.4 சதவீதத்துல நின்னுச்சு, HbA1cன்னு சொல்ற மூணு மாசச் சராசரி. அரசாங்கத் திட்டத்துல இலவசமா மாத்திரை, 12 வாரம். முடிச்சு 12 வாரம் கழிச்சுப் பார்த்தா வைரஸ் இல்லை. சர்க்கரையும் 7.4க்கு இறங்குச்சு. லட்டு கொடுத்தேன். கொடுக்கக் கூடாதா?

இதே நோய்க்கு எங்க சித்தப்பா 2007ல பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்போ இன்டர்ஃபெரான் ஊசிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊசி, ராத்திரி கம்பளி போர்த்தியும் அடங்காத குளிர் ஜுரம். 24 வாரம் அப்படிக் கிடந்தார். வைரஸ் போகலை. அவருக்குத் தொப்பையும் உண்டு, சர்க்கரையும் உண்டு. உடம்புல இந்த ரெண்டும் இருந்தா ஊசி சரியா பிடிக்காதுன்னு டாக்டர் அப்பவே சொன்னார். இப்போ வந்திருக்கிற மாத்திரைகள் அந்த அளவுக்கு சர்க்கரை, தொப்பை எல்லாம் பார்க்கிறதில்லை. நூத்துக்கு 95 பேருக்கு மேல குணமாகுது. அங்கதான் நாம ஏமாந்து போறோம். மாத்திரை நம்ம தொப்பையை மன்னிச்சிடுச்சுன்னா கல்லீரலும் மன்னிச்சிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம்.

நானும்தான் நினைச்சேன். வைரஸ் போன ரெண்டே வருஷத்துல 66 கிலோவுல இருந்து 72. நாக்கு ருசி திரும்பி வந்த சந்தோஷம், வேற என்ன. (சர்க்கரை ஆலை ஊர்ல பொறந்தவளுக்கு ஆலை ஓடுற மாசத்துல காத்துலயே இனிப்பு.) ரவிக்கைக்கு அளவெடுத்த டேப்பை வாங்கி இடுப்பைச் சுத்தினா 94 சென்டிமீட்டர். நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு 80க்குள்ள இருக்கணும். சர்க்கரை திரும்பவும் 8. கெட்ட கொழுப்பு முன்னை விட ஜாஸ்தி. வைரஸ் போனா அது ஏறுறது வழக்கம்தானாம். ஃபைப்ரோஸ்கேன்ல கல்லீரலோட கெட்டித்தனம், அதாவது தழும்பு எவ்வளவுன்னு காட்டுற அளவு (கிலோபாஸ்கல்), முதல்ல 14.2ல இருந்து 10.1க்கு இறங்கினது, அங்கேயே நின்னுடுச்சு. தழும்பு விழுந்த கல்லீரல், வைரஸ் போனாலும் 6 மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் புற்று இருக்கான்னு பார்க்கணும். டாக்டரம்மா ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வச்சு, "வைரஸ் செஞ்சது முடிஞ்சு போச்சு. இப்ப சேர்ந்திருக்கிற கொழுப்பு நீங்க சேர்த்தது"ன்னாங்க. வலிச்சுது. உண்மை.

இப்போ சிலர் வருவீங்க.

"கீழாநெல்லி சாப்பிடுங்க அக்கா." தம்பி, 1988ல நம்ம சென்னையில செஞ்ச கீழாநெல்லி ஆய்வு லான்செட் மருத்துவ இதழ்லயே வந்துச்சு. அது ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்கு. அப்புறம் மத்தவங்க செஞ்சு பார்த்தப்போ அந்தப் பலன் கிடைக்கலை. ஊர்ல மஞ்சக்காமாலை பெரும்பாலும் ஏ, ஈ வைரஸால வருது, அது பெரும்பாலும் தானா இறங்கிடும். பேர் மட்டும் கீழாநெல்லிக்கு. பி, சி அப்படிப் போற விருந்தாளி இல்லை. பி இருக்கிறவங்க மாத்திரையை நிறுத்திட்டு இலையை அரைக்கக் கிளம்பிடாதீங்க. அந்த மாத்திரை வைரஸை அமுக்கித்தான் வைக்குது, பெரும்பாலும் விரட்டுறதில்லை. பி கூட சர்க்கரையும் சேர்ந்தா கல்லீரல் புற்றுக்கான வாய்ப்பு ஏறும்.

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் வருதே?" வரும். அதனால நான் பாயசம் குடிக்கணுமா?

"ரேஷன் அரிசியை நம்பி இருக்கிறவங்க எதைக் குறைக்கிறது?" நியாயமான கேள்வி, இதுக்கு நான் கோபப்பட மாட்டேன். கரும்பு வெட்டப் போறவங்க கிட்ட சோத்தைக் குறைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா கேட்டவர் மஞ்சக்குப்பத்துல மூணு மாடி வீட்டுக்காரர்.

"டாக்டருங்களுக்கு ஆள் பிடிக்கிறீங்க." ஆமாங்க, கமிஷன் வாங்கித்தான் தினமும் விடியக்காலையில தேவனாம்பட்டினம் கடற்கரையில 45 நிமிஷம் நடக்கிறேன். நாலரை கிலோ குறைஞ்சிருக்கு. அடுத்த ஸ்கேன்ல கெட்டித்தனம் 8.7. எடையில 7ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சா கல்லீரல் வீக்கம் வத்தும்னு சொல்லியிருக்காங்க, எனக்கு அது குறைஞ்சது 5 கிலோ. இன்னும் அரை கிலோ பாக்கி. அந்த அரை கிலோவுக்குத்தான் ஞாயித்துக்கிழமை கையை விரிச்சேன்.

"கல்லீரல்னா குடிதானே"ன்னு ஒருத்தர் எழுதி, பாண்டி பார்டர் பக்கமா வீடான்னு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கார். 54 வயசு. மூணு பேரப் பிள்ளைங்க. விசேஷ வீட்டுல ரோஸ் மில்க் தவிர கலர் தண்ணி தொட்டதில்லை. குடிச்சு கல்லீரல் கெட்டவங்களும் மனுஷங்கதான், அவங்களைக் கேவலப்படுத்த இதைச் சொல்லலை. ஆனா கேட்டவருக்கு நான் எப்படிப்பட்டவள்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டார்.

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். எழுதிடுறேன்.

பாயசம் பரிமாறச் சொன்னதே எங்க நாத்தனார்தான். "அதான் வைரஸ் போயிடுச்சே அண்ணி, இன்னும் என்ன நாடகம்"னு பந்தியில எல்லார் காதிலயும் விழுற மாதிரி சொன்னாங்க. வீடியோவுல அது இல்லை, வெட்டிட்டாங்க. அன்னிக்குக் காலையில அவங்க வீட்டுல காபி கொடுத்தாங்க. எவர்சில்வர் டம்ளர். அடியில சிவப்பு நகப்பாலீஷ்ல ஒரு பொட்டு. 2018ல எனக்கு நோய்னு தெரிஞ்ச வாரம் வச்ச பொட்டு அது. பாதி உதிர்ந்து போயிருந்ததை மறுபடியும் தீட்டியிருக்காங்க, புதுசா பளபளன்னு இருக்கு. சி வைரஸ் ரத்தத்துல பரவுறது, டம்ளர்ல ஒட்டாதுன்னு அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இப்போ அந்த வைரஸும் இல்லை. ஆனா பாருங்க, பாயசத்துக்குப் போயிட்ட வைரஸ் டம்ளருக்கு மட்டும் போகலை.

காபியில சர்க்கரை வேற தூக்கலா போட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லாம குடிச்சிட்டு, டம்ளரை நானே கழுவிக் கவுத்துட்டு வந்தேன்.